நடாமல் வந்த கொப்பு

போடிநாயக்கனூர்
17 நவம்பர் 2024

அமுதா,

அன்றைக்கு உன் அப்பாவிடம் நான் சொல்லாமல் விட்டது இவ்வளவுதான்: "மாமா, ஆத்துல எறங்காதீங்க. நடுவுல மணலு உளையாக் கெடக்கு. இப்பத்தான் முழங்காலுக்கு மேல உள்ள போயி வெளிய வந்தேன்."

சொல்லி முடிக்க ஒரு மூச்சு போதும்.

நீ என் போனை எடுப்பதில்லை. எஸ்டேட்டில் சிக்னல் கிடையாது என்று உன் சுருளியம்மாள் அத்தை சொன்னார். ஞாயிற்றுக்கிழமை நீ பூப்பாறைக்குச் சாமான் வாங்க வருவாய், அங்கே சிக்னல் உண்டு என்பது எனக்கும் தெரியும், உனக்கும் தெரியும். அதனால்தான் எழுதி, எஸ்டேட் ஜீப் ஓட்டும் கண்ணுச்சாமி அண்ணனிடம் கொடுத்துவிடுகிறேன். "என்ன பாப்பா, ஆளாளுக்கு வீடியோவுல பேசுறாய்ங்க, நீ லெட்டரத் தூக்கிட்டு வர்ற" என்று சிரித்தபடி ஜீப்பில் தலைக்கு மேலே இருக்கும் வெயில் தட்டியில் செருகிக்கொள்வார். அவருக்கு உள்ளே என்ன இருக்கிறது என்று தெரிந்தால் வாங்கமாட்டார்.

அக்டோபர் 21, திங்கட்கிழமை. விடிந்ததும் ஆற்றைத் தாண்டி அக்கரைத் தோப்புக்குப் போனேன், அன்புச்செல்வனைப் பார்க்க. ஒன்றரை வருடமாக இது நடக்கிறது. உன்னிடம்கூடச் சொன்னதில்லை. எங்கள் அப்பாவுக்கு எப்படியோ வாடை பிடித்துவிட்டது. "அந்தத் தோப்புப் பக்கம் ஒன்னயப் பாத்தேன்னு ஒருத்தன் சொல்லட்டும், அன்னைக்கோட வேலைக்குப் போறது நின்னுரும்" என்று ஆவணி மாதமே சொல்லியிருந்தார்.

ஏழு மணிக்குத் திரும்பினேன். வழக்கமான தடம்தான், போன வாரம்வரை கெட்டியாக இருந்த இடம். போகும்போது ஓரடி தள்ளி மிதித்திருக்க வேண்டும். மணல் அள்ளிய பள்ளத்தை வெள்ளம் வந்து நிரப்பியிருக்கிறது. மேலே பார்த்தால் மற்ற மணலைப் போலவே இருந்தது. இடது கால் முழங்காலுக்கு மேல் போய்விட்டது. மல்லாக்கச் சாய்ந்து, காலை மெல்ல மெல்ல ஆட்டி எடுத்தேன். ஒரு செருப்பு உள்ளேயே தங்கிவிட்டது. எழுந்து நின்று பார்த்தபோது குழி மூடிக்கொண்டிருந்தது, எதுவுமே நடக்காத மாதிரி.

நம் ஆட்கள் என்ன செய்வார்கள் என்று உனக்கு நான் சொல்ல வேண்டியதில்லை. யார் கால் உளையில் போகிறதோ அவர் ஒரு கொப்பை ஒடித்து அந்த இடத்தில் குத்தி வைத்துவிட்டுத்தான் கரையேற வேண்டும். யார் வைத்தது என்று எவரும் கேட்கமாட்டார்கள். பின்னால் வருகிறவர் கொப்பைப் பார்த்து விலகிப் போவார். கைக்கெட்டும் தூரத்தில் வேலிக்கருவை நின்றது. ஒடிக்க நின்றால் அந்த நேரத்தில் யாராவது பார்த்துவிடுவார்கள் என்று ஓடி வந்தேன்.

கரையேறியதும் எதிரே உன் அப்பா. கையில் தூக்குச்சட்டி, தோளில் அரிவாள்.

"ஆத்தா, ஆத்துல தண்ணி எம்புட்டுக் கெடக்கு? எறங்கி நடந்துரலாமா? ஜீப்பு அக்கரையில வந்து நிக்கிது. பாலத்தச் சுத்துனேன்னா விட்டுட்டுப் போயிருவாய்ங்க."

"தெரியல மாமா. நான் ஆத்துப் பக்கம் போகல."

"சரித்தா."

அவர் இறங்கிப் போனார். நான் வீட்டுக்குப் போய்க் குளித்து, பள்ளிக்கூடம் போய், எட்டாம் வகுப்பில் இலக்கணம் நடத்தினேன். அவர் உளையில் சிக்கினார், ஜீப் ஆட்கள் வெளியே எடுத்தார்கள், இடுப்பு போய்விட்டது, தேனி ஆஸ்பத்திரியில் கிடக்கிறார் என்பதெல்லாம் மத்தியானம் டீச்சர்கள் பேசிக்கொண்டபோதுதான் காதில் விழுந்தது.

அவரிடம் இன்னும் சொல்லவில்லை. உன்னிடம் முதலில் சொல்ல வேண்டும் என்று நினைத்தேன். அதுவும் ஒரு சாக்குத்தானோ என்னவோ.

அனு

*

எஸ்டேட் லயம்
28 நவம்பர் 2024

அனு,

உன் லெட்டர் வந்தது. ஜீப்பில் ஈரம் பட்டு ஓரம் நைந்திருந்தது. படிக்க முடிந்தது, முடியாமல் போயிருக்கலாம்.

ஆஸ்பத்திரிக்கு ஒரே ஒரு தடவை வந்தாய். ஆரஞ்சுப் பழத்தை வைத்துவிட்டு வாசலிலேயே நின்றாய். அத்தை, "என்னடி இவ, தீட்டு வீட்டுக்கு வந்தவ மாதிரி நிக்கிறா?" என்று கேட்டது. நான் உனக்காகப் பரிந்து பேசினேன். "அவ எளகுன மனசு அத்தை, ஆசுபத்திரி வாடையே ஆகாது" என்றேன். அந்தப் பேச்சைத் திருப்பி வாங்க வழி இருந்தால் வாங்கிக்கொள்வேன்.

அன்றைக்கு நான் முன்னாடியே பாலம் சுற்றிப் போய் ஜீப்பில் ஏறிவிட்டேன். அப்பாவுக்காக அக்கரையில் நிறுத்தி வைத்திருந்தோம். வரவில்லை. கண்ணுச்சாமி அண்ணன் ஹாரன் அடித்துக்கொண்டே இருந்தார். அப்பா கத்தியிருக்கிறார், எஞ்சின் சத்தத்தில் எங்களுக்குக் கேட்கவில்லை. அரை மணி நேரம் கழித்துத்தான் இறங்கிப் போய்ப் பார்த்தோம். இடுப்பு வரைக்கும் மணலுக்குள் நின்றார். சோறு சிந்தக்கூடாதென்று தூக்குச்சட்டியைத் தலைக்கு மேலே பிடித்திருந்தார். எங்களைப் பார்த்ததும், "என்னத்தா, சோலிக்குப் போகாம என்னய வேடிக்கை பாக்க வந்தீகளா?" என்று சிரித்தார்.

அதற்கப்புறம் நடந்ததை நான் எழுத மாட்டேன்.

நீ படித்தவள், உனக்கு எழுத வருகிறது. "எதுவுமே நடக்காத மாதிரி" குழி மூடிக்கொண்டது என்று எழுதியிருக்கிறாய். வாசிக்க நன்றாக இருக்கிறது. என் அப்பாவுக்கு ஒன்றுக்கு இருக்க ஆள் பிடித்துத் தூக்க வேண்டியிருக்கிறது, அதை எப்படி எழுதுவாய்?

இனிமேல் எழுதாதே.

அமுதவள்ளி

*

போடிநாயக்கனூர்
8 டிசம்பர் 2024

அமுதா,

எழுதாதே என்று சொன்னாய். எழுதுகிறேன். படிக்காமல் அடுப்பில் போட்டாலும் சரி.

வெள்ளிக்கிழமை எட்டாம் வகுப்பில் சொற்பயிற்சி. ஒரு சொல்லை அதன் நேரான பொருளில் வைத்து ஒரு வாக்கியம், உருவகமாக வைத்து ஒரு வாக்கியம். புத்தகத்தில் ஐந்தாவது சொல் 'புதைமணல்'. நம் உளையைத்தான் புத்தகம் அப்படிச் சொல்கிறது. தாண்டிப் போயிருக்கலாம். நான்கோடு நிறுத்தினால் பிள்ளைகள் கேட்பார்கள் என்று பயந்து கரும்பலகையில் எழுதினேன். என்னுடைய பயங்கள் எல்லாமே இந்த அளவுதான் போலிருக்கிறது.

சூர்யபிரகாஷ் என்று ஒரு வாயாடி, முதலில் எழுந்தான். "கணக்குப் பாடம் எனக்குப் புதைமணல், மிஸ். கணக்கு சார் கைகொடுக்க வந்தா இன்னும் உள்ள போறேன்." வகுப்பே சிரித்தது. நானும் சிரித்தேன். அடுத்தது பவதாரணி. "எங்க அக்கா கல்யாணப் பேச்சு ஒரு புதைமணல், எங்கப்பா வாயத் தெறக்கத் தெறக்க உள்ள போறாரு." அதற்கும் சிரிப்பு. நேரான பொருளில் ஒன்று சொல் என்றேன். அவள் நோட்டைப் பார்த்து வாசித்தாள்: "கொட்டக்குடி ஆற்றுப் புதைமணலில் ராமர் என்பவர் இடுப்பு வரை புதைந்தார்."

உன் அப்பாவைத்தான் சொன்னாள். எல்லாப் பிள்ளைகளுக்கும் தெரிந்த விஷயம்தானே.

அவள் உட்காரவில்லை. "மிஸ், மொதல்ல கால் போனவங்க கொப்பு வச்சிருந்தா அவருக்கு ஆகியிருக்காதுல்ல?"

"ஆகியிருக்காது" என்றேன்.

"அப்ப மொதல்ல போனவங்க யாரு மிஸ்?"

மணி அடித்தது. யாரோ எனக்காக அடித்த மாதிரி இருந்தது. இதையும் அழகாக எழுதுகிறாள் என்று நினைப்பாய். எனக்கு வேறு மாதிரி எழுத வரவில்லை, அமுதா. ஊமையாக இருக்க வருகிறது, இல்லாவிட்டால் இப்படி எழுத வருகிறது. இரண்டுக்கும் நடுவில், நேருக்கு நேர் நின்று வாயைத் திறந்து சொல்வது என்ற ஒன்று இருக்கிறதே, அதுதான் என்னிடம் இல்லை.

பொங்கலுக்குப் பிறகு உன் அப்பாவைப் பார்த்து எல்லாவற்றையும் சொல்லப்போகிறேன். வேண்டாமென்றால் அதற்குள் சொல்.

அனு

*

எஸ்டேட் லயம்
22 டிசம்பர் 2024

அனு,

அடுப்பில் போடத்தான் எடுத்துப் போனேன். விறகு ஈரம், பற்றவில்லை. படித்தேன்.

உன் பரீட்சையை நானும் எழுதுகிறேன். நேரான பொருளில்: என் அப்பா புதைமணலில் அரை மணி நேரம் சோற்றைத் தூக்கிப் பிடித்துக்கொண்டு நின்றார். இரண்டாவது எனக்கு வராது என்றுதான் நினைத்தேன். இந்த லெட்டரைக் கடைசி வரை படி.

மழைக்காலத்தில் எஸ்டேட் பாதையில் ஜீப் சேற்றில் உட்கார்ந்தால் என்ன செய்வோம் என்று உனக்குத் தெரியும். கயிற்றைக் கட்டி இன்னொரு ஜீப்பால் இழுப்போம். வாரத்துக்கு ஒரு தடவையாவது இது நடக்கும். ஒன்பது வருடமாக அதைத்தான் பார்க்கிறேன். மாட்டியது எதுவாக இருந்தாலும் கயிறு, இழுப்பு. வேறு எதுவும் என் மண்டையில் வரவில்லை.

கண்ணுச்சாமி அண்ணன் அப்பாவின் அக்குளைச் சுற்றிக் கயிற்றைக் கட்டினார். ஜீப்பில் வந்த மொக்கம்மாள் அக்கா, "தண்ணிய ஊத்தி மணல எளக்குங்கடி, பொறுமையா கால ஆட்டச் சொல்லுங்க" என்று கத்தினாள். அண்ணனும் யோசித்தார். வண்டியில் ஏறி உட்கார்ந்துவிட்டு, "இது ஆளுத்தா, ஜீப்பு இல்ல" என்றார். எனக்கு அப்பா நெஞ்சு வரைக்கும் போய்விடுவார் என்று பயம். "வெரசா இழுண்ணே! இழு!" என்று நான்தான் கத்தினேன். மூன்று தடவை கத்தினேன். இரண்டாவது இழுப்பில் ஒரு சத்தம் கேட்டது. முருங்கைக் கொப்பு முறிகிற சத்தம். அதைக் கேட்ட பிறகும் மூன்றாவது தடவை கத்தினேன்.

தேனியில் டாக்டர் என்னைத் தனியாகக் கூப்பிட்டுச் சொன்னார். "மணல் ஒண்ணும் பண்ணலம்மா. அது பாட்டுக்குப் பிடிச்சு வச்சிருந்திருக்கும். வண்டியக் கட்டி இழுத்ததுதான் மூட்டக் கழட்டி, நரம்பையும் இழுத்துருச்சு." வெளியே வந்தேன். அப்பா பக்கத்துக் கட்டில்காரரிடம், "மணலு என் இடுப்ப ஒடிச்சிருச்சுண்ணே" என்று சொல்லிக்கொண்டிருந்தார். நான் திருத்தவில்லை.

நானும் ஒரு நல்ல காரணம் சொல்லித்தான் மேலே வந்து தங்கினேன். அப்பாவுக்கு முடியவில்லை, நான் முழு நாளும் ஏலக்காய் எடுத்தால்தான் ஆகும் என்று. இங்கே லயத்து வரிசை வீடுகளில் எல்லாரும் மெச்சுகிறார்கள். "அப்பனுக்காக ஒழைக்கிற பிள்ளை, இந்த மாதிரி ஒண்ணு போதும்" என்கிறார்கள். ஒவ்வொரு தடவை மெச்சும்போதும் இன்னும் ஒரு சாண் உள்ளே போகிறேன். அசைந்தால் இன்னும் போவேன் என்று அசையாமல் இருக்கிறேன். இதுதான் என் இரண்டாவது வாக்கியம். மார்க் போட்டுக்கொள்.

நீ கொப்பு வைத்திருந்தால் அவர் மாட்டியிருக்க மாட்டார். நான் வாயை மூடிக்கொண்டிருந்தால் அவர் நடந்திருப்பார். எது பெரிது என்று படுக்கும்போதெல்லாம் யோசிக்கிறேன். சில நாள் நீ, சில நாள் நான்.

உன்னுடையதைச் சொல்வதென்றால் சொல். என்னுடையதைச் சொல்லாதே.

அமுதா

*

போடிநாயக்கனூர்
19 ஜனவரி 2025

அமுதா,

போன வியாழக்கிழமை சாயங்காலம் போனேன். சுருளியம்மாள் அத்தை வீட்டில் முன்னறைக் கட்டிலில் உன் அப்பா ரேடியோவைத் திருகிக்கொண்டிருந்தார். "வா ஆத்தா, டீச்சரம்மாவுக்கு இன்னைக்குத்தான் லீவு விட்டாய்ங்களா?" என்றார். அத்தை காபி போட உள்ளே போனார். உட்கார்ந்தால் பேச்சு வேறு பக்கம் போய்விடும் என்று நின்றுகொண்டே சொன்னேன்.

"மாமா, அன்னைக்கு நான் ஒங்ககிட்ட பொய் சொன்னேன். ஆத்துல இருந்துதான் வந்தேன். எனக்கும் கால் போச்சு."

"தெரியும்த்தா."

எனக்குப் புரியவில்லை.

"முழங்காலுக்கு மேல சேறு. ஒத்தச் செருப்பக் கையில புடிச்சிருந்த. ஆத்துக்குப் போகலேன்னா பெறகு எங்க போயி அப்பிக்கிட்டு வந்த?"

"அப்ப ஏன் மாமா ஒண்ணும் கேக்கல?"

"சொல்லப் பிரியமில்லாத பிள்ளையப் போட்டுக் கொடையவா சொல்ற? அதுக்கு என்ன கஷ்டமோன்னு விட்டேன். ஆத்துக் கரையில எங்கிட்டோ வழுக்கி விழுந்திருக்கும்னு நெனச்சேன்." ரேடியோவை அணைத்தார். "நீ வந்த தடம் மணல்ல தெளிவா கெடந்துச்சு. படிச்ச பிள்ள, சூதானமாத்தான் வந்திருக்கும்னு ஒன் கால் தடத்து மேலயே கால வச்சுப் போனேன்."

கொப்பு வைக்கவில்லை, வாய் திறக்கவில்லை, இந்த இரண்டும்தான் என் கணக்கில் இருந்தன. வழி காட்டியதும் நான்தான் என்பது அதுவரை எனக்குத் தெரியாது.

அத்தை காபியோடு வாசற்படியில் நின்றார். எவ்வளவு கேட்டார் என்று தெரியவில்லை. ஒரு டம்ளரை உன் அப்பாவிடம் கொடுத்தார். எனக்குக் கொண்டுவந்ததைத் திரும்ப உள்ளே எடுத்துப் போய்விட்டார். சாக்கடையில் ஊற்றும் சத்தம் கேட்டது.

உன் அப்பா தன் டம்ளரில் பாதியை பிளாஸ்க் மூடியில் ஊற்றி என் பக்கம் தள்ளினார். குடிக்க முடியவில்லை. பிறகு குரலைத் தாழ்த்தி, "அமுதா ஏன் பொங்கலுக்கும் கீழ வரல?" என்று கேட்டார். நீ சொல்லாதே என்று சொன்னதால் நான் பேசவில்லை. அவரே சொன்னார்.

"இழுக்கச் சொன்னது அவதான். நான் பெத்த தொண்ட, எனக்குத் தெரியாதா? அதுக்குத்தான் வர்றவன் போறவன்கிட்டயெல்லாம் மணலு ஒடிச்சிருச்சு, மணலு ஒடிச்சிருச்சுன்னு சொல்லிக்கிட்டுக் கெடக்கேன். நீ போயி எனக்குத் தெரியும்னு அவகிட்டச் சொல்லி வச்சிராத ஆத்தா."

"சொல்லிருவேன் மாமா."

"என்னத்தா இது! ஒரு பெரிய மனுசன் சொல்றேன்."

"அன்னைக்கு ஒங்ககிட்டச் சொல்லாம வந்தேன். இன்னொரு தடவ என்னால முடியாது."

சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்துக்கொண்டார். நான் படியிறங்கும்போது, "ஒங்க ரெண்டு பேரோடயும் மாரடிக்க மனுசனால ஆகாது" என்று சுவரைப் பார்த்துச் சொன்னது கேட்டது.

அதனால் சொல்கிறேன். அவருக்குத் தெரியும், முதல் நாளிலிருந்தே தெரியும்.

வீட்டிலும் சொல்லிவிட்டேன், ஆற்றுக்கு எதற்குப் போனேன் என்பதை. அப்பா சாப்பிட்டுக்கொண்டிருந்தார், சாப்பிட்டு முடித்துக் கை கழுவினார். மூன்று நாளாக என்னோடு பேசவில்லை. ஆனால் சொன்ன மாதிரி என் வேலையை நிறுத்தவில்லை. பயந்து ஓடி வந்தேனே, அந்தப் பயத்துக்கு விலை இவ்வளவுதான்.

அனு

*

எஸ்டேட் லயம்
9 மார்ச் 2025

அனு,

உன் லெட்டரை ஒரு மாதம் பெட்டிக்குள் வைத்திருந்தேன். போன ஞாயிற்றுக்கிழமைதான் கீழே இறங்கினேன். உன் தெருமுனை வரைக்கும் வந்தேன், உள்ளே வரவில்லை.

அப்பா காலடியில் உட்கார்ந்து, "இழுக்கச் சொன்னது நான்தாம்ப்பா" என்றேன். "அந்தக் கிறுக்கி சொல்லிட்டாளாக்கும்" என்றார். நான் அழுது முடித்து முகத்தைத் துடைக்கும்போது, "இன்னும் கொஞ்சம் மொள்ள இழுக்கச் சொல்லியிருக்கலாம்" என்றார். சிரிக்கிறாரா என்று நிமிர்ந்து பார்த்தேன். சிரிக்கவில்லை.

எங்கள் அத்தை உன் பெயரை வீட்டில் எடுக்கக்கூடாது என்கிறது. எனக்கு உன் மேல் கோபம் போய்விட்டதா என்று கேட்டால் போகவில்லை. என் மேலும் போகவில்லை. ஆனால் இந்த லயத்தில் இனி யாராவது மெச்ச வந்தால் நிறுத்தச் சொல்லிவிடுவேன். மொக்கம்மாள் அக்காவிடம் சொல்லியும்விட்டேன்.

கண்ணுச்சாமி அண்ணன் ஜீப்பில் கயிற்றோடு இப்போது இரண்டு பலகையும் ஒரு குடமும் கிடக்கின்றன. ஏன் என்று கேட்கிறவர்களிடம், "ஆளுக்கு வேற, வண்டிக்கு வேற" என்கிறார்.

ஆற்றில் அந்த இடத்தைப் பார்த்தேன். தண்ணீர் வற்றிவிட்டது. வேலிக்கருவைக் கொப்பு ஒன்று குத்தியிருந்தது, இலை வாடாமல். பக்கத்தில் காய்ந்த கொப்புகள் ஏழெட்டு, வாரத்துக்கு ஒன்றாக யாரோ மாற்றி மாற்றி வைத்த மாதிரி. யார் என்று நான் யாரிடமும் கேட்கவில்லை.

அப்பாவுக்கு இடது கால் இரண்டு விரற்கடை குட்டை. இனி மலையேற முடியாது என்று டாக்டர் எழுதிக் கொடுத்துவிட்டார். மார்ச் மூன்றாம் தேதியிலிருந்து டவுனில் ஒரு ஏலக்காய்க் கடையில், பெண்களோடு உட்கார்ந்து காய் தரம் பிரிக்கிறார். தடி ஊன்றிப் பாலத்தைச் சுற்றித்தான் போகிறார். போய்ச் சேர முக்கால் மணி நேரம் ஆகிறது.

அமுதா